எரிசாராயமும் அரிசி நொய்யும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் பாட்டனார் காலத்தில் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த புண்ணிய ஸ்தலம் என்பதுதான் நினைவுக்கு வந்தது. சித்திரைத் திருவாதிரைக்கு வண்டி கட்டிக்கொண்டு போய், ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துத் திரும்புவார்கள். இன்று அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வீட்டுக் குழந்தைகள், "கார் செய்கிற ஊர்தானே?" என்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. 1996-ம் வருஷத்தில் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கொரியா தேசத்து ஹூண்டாய்க் கம்பெனியார் அஸ்திவாரம் போட்டார்கள். 1998-ல் முதல் கார் வெளிவந்தது. அப்புறம் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸ்ஸான் தொழிற்சாலை, 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. பூவிருந்தவல்லி தாண்டி அந்தச் சாலையில் போகிறவர்கள், புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு துறைமுகம் நோக்கி ஊர்ந்துபோகும் நீண்ட லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டே அலுத்துப்போவார்கள்.

அந்தக் கார்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதைப்பற்றி ஏற்கெனவே எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அவை எதைக் குடிக்கின்றன என்பதைப்பற்றித்தான் நாம் இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம். 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் இத்தேசத்தில் செய்யப்படும் பெட்ரோல் வண்டிகள் எல்லாம், ஐந்தில் ஒரு பங்கு எரிசாராயம் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படியான குழாய்களுடனும் ரப்பர் வளையங்களுடனும் வெளிவருகின்றன. எத்தனால் என்று விளம்பரப் பலகையில் போட்டிருப்பது இந்த எரிசாராயத்தைத்தான். பூமிக்கடியிலிருந்து கிடைக்கும் சரக்கல்ல இது, வயலில் விளைவது. கரும்பிலிருந்தும் வருகிறது, ஆனால் இப்போது அதிகப்படியாக வருவது மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும்.

அரிசியிலிருந்தா என்று இல்லத்தரசிகள் திடுக்கிடுவார்கள். திடுக்கிட வேண்டியதுதான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரக் காரின் தொட்டி சுமார் 40 லிட்டர் பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு 8 லிட்டர். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையில், ஒரு டன் அரிசியிலிருந்து 450 லிட்டர் எரிசாராயம் கிடைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த 8 லிட்டரும் அரிசியிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டால், ஒரு முறை தொட்டியை நிரப்புவதற்கு ஏறக்குறைய 18 கிலோ அரிசி செலவாகியிருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைக்கு மாதம் 5 கிலோ என்றால், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 20 கிலோ. ஆகவே ஒரு குடும்பத்தின் ஒரு மாதத்து ரேஷன் அரிசியும், ஒரு தொட்டிப் பெட்ரோலுக்குள் மறைந்திருக்கும் அரிசியும் கிட்டத்தட்டச் சமம்.

இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்துவது நமது நோக்கமல்ல. ஆனால் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், ஒரு டன்னுக்கு 450 லிட்டரா, 470 லிட்டரா என்ற கேள்வி சாராயம் காய்ச்சும் முதலாளியின் லாப நஷ்டக் கேள்வி மட்டுமல்ல என்பது விளங்கும்.

பெட்ரோலில் எரிசாராயம் கலப்பது புதிய யோசனையும் அல்ல. யுத்த காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டு, சென்னையில் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடிய கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். அந்த அநுபவம் மறக்குமுன்பே, சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், 'பவர் ஆல்கஹால்' சட்டம் என்று ஒன்றை நம் சர்க்கார் செய்தார்கள். சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து சாராயம் வடித்துப் பெட்ரோலில் சேர்ப்பதை முறைப்படுத்துவதே அதன் உத்தேசம். அந்நியச் சரக்கைக் குறைத்து நம் நிலத்தில் விளைவதைக்கொண்டு வண்டி ஓட்டுவோம் என்ற சுதேசி எண்ணம் அதில் இருந்தது. பிறகு பெட்ரோல் மலிந்தது. சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகி, 2000-ல் ரத்தும் செய்யப்பட்டது. மூன்றே வருஷத்தில், 2003-ல், நூற்றுக்கு ஐந்து பங்கு கலக்கும் திட்டத்தை ஒன்பது ராஜ்யங்களில் மறுபடி ஆரம்பித்தார்கள்! சர்க்கார் காரியங்களின் போக்கை அறிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அப்படி ஆரம்பித்தும் பத்து வருஷம் ஆமை வேகந்தான். 2013-14-ல் கலப்பு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. 2018-ம் வருஷத்து உயிரி எரிபொருள் கொள்கையில் பழுதுபட்ட தானியத்துக்கும் மிகுதித் தானியத்துக்கும் கதவு திறந்தது. அங்கிருந்து வேகம் பிடித்து, 2022 ஜூனில் பத்துப் பங்கு, 2025-ல் இருபது பங்கு என்ற நிலை வந்தது. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிதேசங்களிலிருந்து வாங்கும் நமக்கு இது சிறிய காரியமல்ல. கரும்பு மட்டும் இந்த அளவைத் தாங்காது. மழை பொய்த்ததால் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து சாராயம் எடுப்பதற்கே சர்க்கார் தடை போடவேண்டி வந்தது. அப்போது பாரம் முழுவதும் மக்காச்சோளத்தின் தலையில் விழுந்தது.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். சாராயம் என்ற சொல்லைக் கண்டதுமே முகம் சுளிக்கிற வீடுகளுக்கு இந்தப் பத்திரிகை போகிறது என்பதை நாம் அறிவோம். ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த மாகாணம் இது. ஆகையால் சொல்லிவைக்கிறோம்: வண்டிக்குப் போகும் எரிசாராயம் நீர்ப்பசையே இல்லாதபடி வடித்து எடுக்கப்பட்டு, வாயில் வைக்க முடியாதபடி வேறு பொருள் கலக்கப்பட்டு வெளிவருவது. அதைக் குடிக்கத் தகுந்தது கார் ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருவோம். ஒரு கிலோ மாச்சத்து மிச்சமில்லாமல் சாராயமாக மாறினால் 0.72 லிட்டர் கிடைக்கவேண்டும். இது ரஸாயன சாஸ்திரத்தின் கணக்கு. இதைத் தாண்ட பிரம்மதேவனாலும் முடியாது. மக்காச்சோளத்தில் நூற்றுக்கு அறுபதிலிருந்து அறுபத்தைந்து பங்கு மாச்சத்து என்றால், ஒரு டன்னுக்கு 430 முதல் 470 லிட்டர் வரையில் வரவேண்டும். மேலே சொன்ன திட்ட அறிக்கை மக்காச்சோளத்துக்குப் போட்டிருக்கும் கணக்கோ 380 லிட்டர். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தான் வாழ்வதற்கும் பெருகுவதற்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கூலி கொடுக்காமல் வேலை வாங்க முடியாதல்லவா? அதற்கு நூற்றுக்கு ஐந்தாறு பங்கு தள்ளிவிடலாம். மீதி எங்கே போகிறது? அமெரிக்காவில் நல்ல ஆலைகள் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 430 லிட்டர் எடுக்கின்றன. அவர்களுடைய மக்காச்சோளத்தில் மாச்சத்துச் சற்று அதிகம் என்பது உண்மை. ஆனாலும் வித்தியாசம் முழுவதற்கும் அதையே காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு தானியச் சாராயச் சாலைக்குள் நுழைந்தால், வானளாவிய செப்பு நிற, வெள்ளி நிற வடிகலங்களைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். புகைப்படம் எடுப்பதும் அவற்றைத்தான். நாம் நேயர்களை அழைத்துக்கொண்டு போக விரும்புவது, மூலையில் மாவுத் தூசி படிந்து, காது செவிடுபடும்படி இரைந்துகொண்டிருக்கும் அரைவைக் கொட்டகைக்கு. நஷ்டம் ஆரம்பிக்கிற இடம் அது.

அங்கே தானியத்தை அரைப்பது கல் அல்ல. வேகமாகச் சுழலும் தண்டில் வரிசையாகத் தொங்கும் எஃகுத் தகடுகள் சுத்தியல்போல் தானியத்தை அடித்து நொறுக்குகின்றன. நொறுங்கியது சுற்றிலுமுள்ள சல்லடைக் கண்ணைத் தாண்டி விழுகிறது. கண் பெரிதாக இருந்தால் ரவை. சிறிதாக இருந்தால் மாவு. இட்லிக்கு அரைக்கத் தெரிந்தவர்களுக்கு இதன் தத்துவத்தை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அரிசியைக் கொஞ்சம் கரகரப்பாகவும், உளுந்தை வெண்ணெய்போலவும் அரைக்கவேண்டும் என்று யார் எந்த ரஸாயனப் புத்தகத்தில் படித்தார்கள்? தப்பினால் மாவு பொங்காது என்பது மட்டும் தெரியும்.

மாவுத் துகள் பெரிதாக இருந்தால், அதன் நடுவிலுள்ள மாச்சத்தை வெந்நீரும் தொடுவதில்லை, நொதியும் தொடுவதில்லை. அவசரத்தில் இறக்கிய பொங்கலில் நடு அரிசி வேகாமல் பல்லில் கடிபடுகிறதே, அதுபோல. அந்த மாச்சத்து அப்படியே அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி என்று பிரயாணம் செய்து, கடைசியில் கசடோடு கசடாக வெளியேறிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கி, லாரியில் ஏற்றி, அரைத்து, சுடவைத்து, தூக்கி எறிவதற்குச் சமம் இது. அப்படியானால் சந்தனம்போல் அரைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மின்சாரச் செலவு ஏறும். மாவு நீரில் விழுந்ததும் கட்டி தட்டும். வடித்தபின் கசடிலிருந்து நீரைப் பிரிக்கிற யந்திரத்தில் நைஸான துகள் நீரோடு போய்விடும். அந்த நீரை வற்றவைக்கிற கொப்பரையில் பிசுக்குப் படியும். ஆகவே ஒவ்வொரு சாலையும் தன் தானியத்துக்கும் தன் யந்திரத்துக்கும் ஏற்ற பதத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளவேண்டும். கண்டுபிடித்த பதத்தை நாள் தவறாமல் காப்பாற்றவும் வேண்டும். கடினமானது பின்னதுதான்.

ஏனெனில் எஃகும் தேயும். முன்பெல்லாம் தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு வருவார்கள். கல் வழுவழுப்பாகிவிட்டால் எவ்வளவு அரைத்தாலும் துவையல் நயக்காது என்பதால் அவர்களுக்கு எந்தத் தெருவிலும் வேலை இருந்தது. சாராயச் சாலையின் சுத்தியல் தகடுகளும் அப்படியே மழுங்குகின்றன. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அல்ல. கண்ணுக்குத் தெரியாமல் மழுங்குகின்றன. சல்லடையில் ஒரு மூலை கிழிந்தால் முழுத் தானியமே வழுக்கிக்கொண்டு போய்விடும். மேலே அடுக்கடுக்காக நின்றுகொண்டிருக்கும் கோடி ரூபாய் யந்திரங்களுக்கு இது தெரியாது. கீழே ஒருவர் வேளைதோறும் ஒரு பிடி மாவை எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிய ஐந்தாறு சல்லடைகளில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றிலும் தங்கியதை நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு ஒரு தராசும், சில சல்லடைகளும், சோம்பலில்லாத ஓர் ஆளும் போதும்.

அரைத்த மாவை நீரில் கரைப்பதிலும் வீட்டு வித்தைதான். கேழ்வரகு மாவைக் கொதிக்கிற நீரில் அப்படியே கொட்டுகிறவர்கள் கூழ் காய்ச்ச மாட்டார்கள், கட்டிதான் காய்ச்சுவார்கள். முதலில் மிதமான சூட்டில் கரைத்துக்கொண்டு பிறகு சூடேற்றவேண்டும். எழுபது டிகிரியை ஒட்டி மாச்சத்து நீரைக் குடித்து உப்புகிறது. கஞ்சி திடீரென்று கெட்டிப்படுகிறது. பெரிய குழாய்களில் இது நடந்தால் பம்பு திணறி நின்றுவிடும். அதனால் கெட்டிப்படுவதற்கு முன்பே அமிலேஸ் என்னும் நொதியைச் சேர்த்து, 85, 90 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருக்கிறார்கள். நீளமான மாச்சத்துச் சங்கிலிகளை அது துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. பிறகு சூட்டைத் தணித்து, குளூக்கோ அமிலேஸ் என்ற இன்னொரு நொதியைச் சேர்த்தால் அந்தத் துண்டுகள் சர்க்கரையாகின்றன. ஒரு பிடி சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? நம் உமிழ்நீரிலும் அமிலேஸ் இருப்பதால்தான்.

இந்த நொதிகளின் சரித்திரத்தில் ஆசியாக் கண்டத்தவர் ஒருவருக்கு உள்ள பங்கை நம் நேயர்கள் அறிந்துகொள்ளவேண்டும். ஐரோப்பியர்கள் நெடுங்காலமாக மாச்சத்தைச் சர்க்கரையாக்குவதற்கு முளைகட்டிய வாற்கோதுமையையே நம்பியிருந்தார்கள். 1833-ல் பாயன், பெர்ஸோ என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் அந்த முளையிலிருந்து நொதியைப் பிரித்தெடுத்தார்கள். ஜப்பானிலோ வேகவைத்த அரிசியின்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அதைக்கொண்டே அந்த வேலையைச் செய்துவந்தார்கள். கோஜி என்பது அதன் பெயர். ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானிய ரஸாயன நிபுணர் 1890-ல் அமெரிக்காவுக்குப் போய், பியோரியா என்ற ஊரில் சாராயச் சாலைகளில் இந்தக் கோஜியைக்கொண்டு வேலை செய்து காட்ட முற்பட்டார். அங்குள்ள முளைத்தானிய வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. சோதனை நடந்துகொண்டிருந்த காலத்தில் கட்டடம் தீக்கிரையாயிற்று. தகாமினே சளைக்கவில்லை. 1894-ல் அந்த நொதியைத் தனியே எடுத்து 'தகா டயஸ்டேஸ்' என்று உரிமை பெற்று, அஜீரண மருந்தாக விற்றுப் பெரும் பொருள் ஈட்டினார். இன்று உலகமெங்கும் சாராயச் சாலைகளில் சேர்க்கப்படும் குளூக்கோ அமிலேஸும் அந்தப் பூஞ்சைக் குடும்பத்திலிருந்து எடுக்கப்படுவதுதான்.

சர்க்கரையான கஞ்சியை இனி ஈஸ்ட் வசம் ஒப்படைக்கிறார்கள். ஐம்பதிலிருந்து எழுபது மணி நேரம் அது தின்று, சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. நம் சீமையின் தனிக் கஷ்டம் இங்கேதான் தலைகாட்டுகிறது. ஈஸ்டுக்கு 32 டிகிரி உசிதம். 35-ஐத் தாண்டினால் சோர்ந்துபோகிறது. தின்னும்போதே அது உஷ்ணத்தையும் உண்டாக்குகிறது. சித்திரை வைகாசியில் வெளியே 40 டிகிரி. குளிர்நீர்க் கோபுரத்தை நம்பலாம் என்றால், கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். புழுக்கமான நாளில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தக் கோபுரமும் ஒரு பெரிய மண்பானைதான். ஈஸ்ட் சோர்ந்த நேரம் பார்த்து, தயிரைப் புளிக்கவைக்கும் ஜாதியைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் புகுந்து, மிச்சச் சர்க்கரையைப் புளிப்பாக்கிவிடுகின்றன. குளிர்ந்த தேசத்து அட்டவணையை இங்கே அப்படியே நகல் எடுத்தால் பலிக்காது. உஷ்ணம் தாங்கும் ஈஸ்ட் வகைகளும், சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டாமல் ஈஸ்ட் தின்னத் தின்ன நொதி கொஞ்சங் கொஞ்சமாக விடுவிக்கும் முறையும் நமக்குத்தான் அதிகம் வேண்டியவை. நொதியைத் தானே சுரக்கும் ஈஸ்டும் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது.

வடித்தலைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கலை நன்கு தேர்ந்துவிட்டது. எவ்வளவு வடித்தாலும் நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல் நீர் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை, நீரணு மட்டும் நுழையக்கூடிய நுண்துளைகள் கொண்ட ஜியோலைட் மணிகளின் வழியே செலுத்தி நீக்கிவிடுகிறார்கள். இங்கே தப்பிப்போவது சொற்பம்.

ஆகக்கூடி, நஷ்டத்தைப் பிடிக்கவேண்டிய இடங்கள் அரைவை, கரைப்பு, புளிப்பு ஆகிய மூன்றே. இதில் என்ன பிரமாதம் என்று கேட்பவர்களுக்காக ரூபாய்க் கணக்கு ஒன்று. 2024-25-ல் மக்காச்சோளத்துக்குச் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். மக்காச்சோளச் சாராயத்துக்கு எண்ணெய்க் கம்பெனிகள் கொடுத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. டன்னுக்கு 380 லிட்டர் எடுக்கிறவருக்கு, லிட்டருக்குத் தானியச் செலவு மட்டும் 58 ரூபாய் 55 காசு. 420 லிட்டர் எடுக்கிறவருக்கு அது 53 ரூபாய்க்கும் கீழே. ஆதரவு விலை கொடுத்து வாங்கினால் கட்டுப்படியாகாது என்று சொல்லும் சாலைக்காரர்களிடம், உங்கள் சல்லடையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. உழவருக்குக் கொடுக்கவேண்டிய விலையில் கை வைப்பதைவிட, அரைவைக் கொட்டகையில் கை வைப்பது தர்மமும் ஆகும், லாபமும் ஆகும்.

தேசக் கணக்கு இன்னும் பெரிது. 2025-26 ஆண்டுக்கு எண்ணெய்க் கம்பெனிகள் ஒதுக்கீடு செய்தது ஏறக்குறைய 1,048 கோடி லிட்டர். அதில் மக்காச்சோளத்தின் பங்கு மட்டும் சுமார் 478 கோடி லிட்டர். 380 கணக்கில் இதற்கு 126 லட்சம் டன் வேண்டும். 420 கணக்கில் 114 லட்சம் டன் போதும். மிச்சம் 12 லட்சம் டன். இத்தேசத்தில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரி மூன்றரை டன் விளைகிறதென்றால், மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தின் விளைவு அது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாம் 2024-ல் பர்மாவிலிருந்தும் உக்ரேனிலிருந்தும் அதை வரவழைத்தோம். எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதற்காகத் தானியம் இறக்குமதி செய்வது எந்தச் சுதேசியில் சேர்ந்தது என்பது நமக்குப் புரியவில்லை.

அரிசியின் விஷயம் வேறு மாதிரி. இந்திய உணவுக் கழகம் 2025 ஜனவரியில் சாராயச் சாலைகளுக்கு அரிசி விலையைக் குவிண்டாலுக்கு 2,250 ரூபாயாகக் குறைத்தது. அதைக் கொள்முதல் செய்து, மூட்டை கட்டி, கிடங்கில் வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவோ ஏறக்குறைய 4,000 ரூபாய். கிடங்குகள் நிரம்பி வழிகின்றன, வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்று சர்க்கார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1943-ல் வங்காளத்தில் ஒரு பிடி அரிசியின்றி லட்சக்கணக்கானவர்கள் மாண்ட தேசத்தில், அரிசி மிஞ்சியிருப்பது கேட்கச் சந்தோஷமான குறைதான். ஆனால் வித்தியாசத்தைக் கொடுப்பது பொதுப்பணம். பொதுப்பணத்தில் பாதி விலைக்கு வாங்கிய அரிசியில் எவ்வளவு வேகாமல் கசடோடு போகிறது என்று கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. சாலைகள் தங்கள் விளைச்சல் அளவை டன்னுக்கு இத்தனை லிட்டர் என்று வருஷந்தோறும் வெளியிடவேண்டும், அதன்படியே சலுகை அரிசியைப் பங்கிடவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நொய் போன்ற உடைந்த அரிசியை முதலில் தீர்த்துவிட்டு, முழு அரிசியைக் கடைசியில் தொடுவதே முறை. நொய்க்கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் அதற்கும் வருத்தப்படலாம்!

கசடு என்று சொன்னோமே, அது குப்பையல்ல. ஒரு டன் மக்காச்சோளத்தில் சாராயம் போக ஏறக்குறைய 300 கிலோ உலர்ந்த கசடு மிஞ்சுகிறது. டி.டி.ஜி.எஸ். என்று தீவன வியாபாரிகள் சொல்வது அதைத்தான். மாச்சத்து வெளியேறிவிட்டதால் புரதம் அதில் மும்மடங்கு செறிந்திருக்கிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் மாடுகளுக்கும் நல்ல தீவனம். ஆனால் செறிவது புரதம் மட்டுமல்ல. ஈரத்தோடு குவித்த மக்காச்சோளத்தில் பச்சைப் பூஞ்சை பூத்து, அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தை உண்டாக்கும். வடித்தாலும் காய்ச்சினாலும் அது அழியாது; அதுவும் மும்மடங்காகிக் கசடில் தங்கிவிடும். கோழியின் ஈரலைக் கெடுக்கும். மாட்டுக்குப் போனால் பாலில் வரும். "கெட்டுப்போன தானியம்தானே, சாராயத்துக்கு எது ஆனால் என்ன?" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். குழந்தையின் டம்ளர் பால் வரையில் போய்ச் சேரும் பேச்சு அது. சாலை வாசலிலேயே ஒவ்வொரு லாரியையும் சோதித்து, பூஞ்சை கண்டதைத் திருப்பி அனுப்பவேண்டும். ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்பட்டதை உலர்த்தாமல் கிடங்கில் ஏற்றக்கூடாது. அப்படிப்பட்ட தானியம் அரைவையிலும் பசைபோல் ஒட்டிக்கொண்டு சல்லடைக் கண்ணை அடைத்துவிடும் என்பது வேறு.

கசடைக்கொண்டே சாலையின் யோக்கியதையைச் சோதித்துவிடவும் முடியும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கின்மேல் அயோடின் சொட்டு விட்டு நீலமாவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது தெரியும். கசடில் ஒரு சிட்டிகை எடுத்துச் சுடுநீரில் கலக்கி, நன்றாக ஆறியபின் அயோடின் விட்டால், நீலம் கண்டால் மாச்சத்து மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

கார்க்காரர்களின் குறையையும் கேட்டுவிடவேண்டும். எரிசாராயத்தில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களில் இருபது பங்குக் கலப்புக்கு மைலேஜ் நூற்றுக்கு ஆறேழு பங்கு குறையும் என்று அதே திட்ட அறிக்கை ஒப்புக்கொள்கிறது. இதற்காகவே வெட்டிய எஞ்சின்களில் ஒன்றிரண்டு பங்குதான். 2025 செப்டம்பரில் இவ்வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த் தள்ளுபடியாயிற்று. வழக்கு முடிந்தாலும் பழைய கார்க்காரரின் முணுமுணுப்பு முடியவில்லை.

தமிழ்நாடு சர்க்காரும் 2023-ல் எத்தனால் கலப்புக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டு, 5,000 கோடி ரூபாய் முதலீட்டை எதிர்பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாலைகள் வரட்டும். நமக்கு வேண்டிய மக்காச்சோளம் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் பக்கங்களில் மானாவாரியாக விளைகிறது. நாமக்கல் கோழிகளுக்கு அது போதாமல் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. 2018-ல் படைப்புழு வந்து சூறையாடிய பிறகு ஒவ்வொரு போகமும் உழவர்களுக்கு நெஞ்சிடிதான். புரட்டாசியில் விதைத்துத் தை மாதத்தில் கதிர் ஒடிப்பார்கள். அப்போது பனி, உலர்த்தக் களம் போதாது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்குத் தங்கக் கம்பளம் விரித்தாற்போல் மக்காச்சோளம் காயும். இருபுறமும் கல் அடுக்கி, வீட்டுப் பெண்கள் காலால் அளைந்து புரட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரகடத்தில் பிறந்த புதுக் காரும் மோட்டார் சைக்கிளும் அந்தத் தானியத்தின்மேல் சக்கரம் படாமல், ஓரமாக ஒதுங்கி, மெள்ள ஊர்ந்து போகும்.